நேரலையில் அழாதவள்

எனக்கு வாய் நீளம். வாயைவிட விரல் மோசம் என்பது கைக்கு ஸ்மார்ட்போன் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் கோழித் தொழிற்சாலையில் எட்டு வருடம் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவளின் புருஷன் செத்துப்போனார். செத்தவீடு அவர்கள் இருந்த ஸ்கீவவில். லீவு கேட்டுப் போக எனக்குப் பஞ்சி, சோம்பல். எங்கள் ஆட்களின் செத்தவீடு இணையத்தில் நேரலையாகப் போகும். ஊரில் இருக்கும் தாய்க்கும் கனடாவில் இருக்கும் சகோதரங்களுக்கும் அதில்தான் கடைசியாக முகம் காட்டுவார்கள். இடைவேளையில் பாணைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

தலையை ஒழுங்காக வாரி, கறுப்புக் கோட்டுப் போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நேராக நின்றாள். வந்த டெனிஷ்காரருக்குக் கை கொடுத்து நன்றி சொன்னாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழே எழுதினேன்: ‘அழக்கூட நேரமில்லை. அடுத்த மாப்பிள்ளை பாத்தாச்சோ?’

பாண் முடியுமுன் பதினேழு பேர் சிரித்திருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பின்னேரம் அதை அழித்தேன். அதற்குள் யாரோ படம் பிடித்து அனுப்ப, யாழ்ப்பாணத்தில் அந்த மனிதரின் தாய்க்கு வாசித்தும் காட்டிவிட்டார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குச் சாம்பலோடு ஊருக்குப் போனவளிடம், மாமியார் வாசல் படலையில் வைத்தே சாம்பலை வாங்கிக்கொண்டு படலையைச் சாத்திவிட்டார். கீரிமலைக் கடலில் புருஷனைக் கரைத்தபோது அவள் லொட்ஜில் தனியே இருந்தாள்.

திரும்பி வந்தவள் வழக்கம்போல என் பக்கத்தில் நின்று கையுறையைப் போட்டாள்.

“அதை எழுதினது நீங்களோ அக்கா?”

“ஓம்… பகிடிக்குத்தான் எழுதினனான்.”

“மூண்டு வருசம் வேலை முடிஞ்சு போய் அவரைப் படுக்கையிலை வைச்சுப் பாத்தன். அழுறதெல்லாம் அப்பவே அழுது முடிச்சிட்டன். கமராவுக்கெண்டு மிச்சம் வைக்கோணும் எண்டு எனக்குத் தெரியேல்லை.”

கோழியின் பித்தப்பை உடைந்தால் இறைச்சி முழுக்கக் கசக்கும். அதை உடையாமல் எடுப்பதில் நான் கெட்டிக்காரி என்று மேற்பார்வையாளரே சொல்வார். அந்தக் கவனத்தில் ஒரு துளியை அன்றைக்கு அந்த ஒரு வரிக்குச் செலவழித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. நீளமான வாய்.

போன மாசியில் என் புருஷன் மாரடைப்பில் போனார். அவருக்கும் நேரலை. மண்டபத்துக்குள் போனதும் கமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன். பிறகு பெட்டியில் விழுந்து குளறி அழுதேன். துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் பார்க்கிறவர்கள் என்ன எழுதுவார்களோ என்ற பயம் அந்தத் துக்கத்துக்கு மேலே ஏறி இருந்தது. சனம் கலையத் தொடங்கியும் நான் நிறுத்தவில்லை.

ஸ்கீவவிலிருந்து அவளும் வந்திருந்தாள். என் தோளைப் பிடித்து, காதோடு மெதுவாகச் சொன்னாள்.

“அழுதது காணும் அக்கா. கமராவை நிப்பாட்டியாச்சு.”

என் அழுகை உடனே நின்றுவிட்டது.