அத்தையின் இறப்புச் சான்றிதழ்

என் முகம் எனக்குச் சொந்தமில்லை என்று பத்து வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு வரும் உறவினர்கள், "அப்படியே அத்தைய உரிச்சு வச்சிக்கீறா" என்று ஆரம்பிப்பார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் காப்பி நன்றாக இருக்கிறது என்று முடித்துக்கொள்வார்கள்.

அந்த அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நான் பிறப்பதற்கு முன்பே ஏரியில் விழுந்து செத்துப்போனாள் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவளுடைய மாடி அறை பூட்டியே கிடந்தது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தால் சுவரில் அவள் படம் தெரியும். என் மூக்கு, என் மோவாய். செத்தவர்கள் படத்துக்குப் போடும் மாலை மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அம்மா தொடையில் கிள்ளினாள். ஏரியில் போனவள் எனக்குள் குடியேறிவிட்டாள் என்று முடிவு கட்டி, கண்ணாடி பார்க்காமலே தலைவாரப் பழகினேன்.

தாத்தா இறந்தபின் வீட்டை அப்பா பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அப்பாவோடு நானும் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மனுவைப் படித்துவிட்டு, "தங்கச்சி தவறிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. டெத் சர்ட்டிபிகேட் எங்க?" என்றாள்.

வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர் பொய்யாக ஒன்று வாங்கித் தரவும் ஆள் இருப்பதாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அப்பா ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டார். பிறகு, தப்பை ஒப்புக்கொள்ளும் பள்ளிப்பிள்ளை போல என்னிடம் சொன்னார். "அவ சாவல பாப்பா. வேற சாதிப் பையனக் கட்டிக்கினு போய்ட்டா. ஊர் கேட்டுச்சு, நாந்தான் ஏரியில பூட்டான்னு சொல்லிட்டேன்."

அப்பா சொல்லியனுப்பியதில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்தாள். அத்தனை வருடமும் அரைமணி தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்! குண்டாக, வியர்த்துப்போய், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. பேய்க்கு இப்படி மூச்சு வாங்காது. எனக்குள் யாரும் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"இன்னாண்ணே, என்னை ஏரியில தள்ளிட்டு நல்லா கீறியா?"

அத்தை தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக முன்பே எழுதித் தயாராக வைத்திருந்த பத்திரத்தை அம்மா கொண்டுவந்து வைத்தாள். அத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு அதைத் தள்ளி வைத்தாள்.

"கையெழுத்து போட மாட்டேன். நான் உயிரோடதான கீறேன்? மாடிய எனக்குக் குடு."

அம்மா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். அப்பா பரணிலிருந்த டப்பாவைத் துழாவி, மாடிச் சாவியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தார்.

அன்று மதியம் அப்பா ரசத்துக்கு மூன்றாவது முறை சோறு கேட்டு வாங்கினார். பாதி வீடு கைவிட்டுப் போன மனிதருக்கு எப்படி இவ்வளவு பசிக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.