நாலு விரல் தண்ணீர்

மனைவியின் ரப்பர் பூட்ஸில் அப்பிய சேற்றைச் சுரண்டுவது அந்த வீட்டில் தையற்காரரின் வேலை. முப்பத்தொரு வருடமாகக் கொல்லைக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தேய்ந்த பல் பிரஷ்ஷும் மழுங்கிய கத்தரிக்கோலுமாக அதைச் செய்துவருகிறார். சேற்றின் நிறத்தைப் பார்த்தே, "இன்னிக்கு வடக்குக் கரை போல" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் சேறு வழக்கமானதுதான். மனைவிதான் வழக்கம்போல இல்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து, பழைய களக் குறிப்பேடு ஒன்றை மடியில் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"என்ன, பேச்சையே காணோம்? பறவையெல்லாம் சொல்லாம கொள்ளாம கிளம்பிடுச்சா?"

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

"நான் சும்மாதான் இருக்கேன். கைதான் வேலை பார்க்குது."

அவள் அரசாங்கத்தில் மூத்த நீரியலாளர். ஆயிரம் ஏக்கர் சதுப்பு ஏரியில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கவேண்டும் என்று முடிவு செய்பவள். வேலைக்குச் சேர்ந்தபோது களப்பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். அவள் காலுக்கு அடங்குகிற பூட்ஸே கிடங்கில் இல்லை. தையற்காரர்தான் கடைத் துண்டுத்துணிகளை முனையில் அடைத்துக் கொடுத்தார். அப்படியே நடந்து நடந்து ஏரியின் அடித்தரை முழுவதும் அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் ஏற ஏறப் பறவைக்குக் கொண்டாட்டம் என்று யாராவது சொன்னால், "உங்க கழுத்தளவு தண்ணிய நிறுத்தி, அடியில சோத்தை வச்சா சாப்பிடுவீங்களா?" என்று கேட்பாள். அங்கே வருகிற பறவைகளில் பாதிக்கு மேல் நீந்தாதவை. நின்று மேய்பவை.

மதகில் நூற்றிருபது சென்டிமீட்டர் என்பது அவள் கணக்கு. காலின் நீளம், அலகின் நீளம், சேற்றுப் புழு எல்லாம் பார்த்துப் போட்ட கணக்கு. பல வருடம் அதே எண்ணில் நிறுத்தியும் சில நூறு பறவைகள்தான் வந்தன. ஏழு வருடம் முன்பு ஒரு வெள்ளம் மதகடி அளவுப் பலகையை அடித்துக்கொண்டு போயிற்று. புதுப் பலகை மாட்டினார்கள்; அவள் மறுபடி நூற்றிருபதில் நிறுத்தினாள். அந்த வருடம் வானம் கறுக்க வந்து இறங்கின. அடுத்த வருடமும். அவள் எழுதிய அறிக்கையைத் துறை அச்சிட்டது, கேடயம் கொடுத்தது, இன்னும் மூன்று ஏரிகளுக்கு அதே எண்ணை உத்தரவாக்கியது. அங்கெல்லாம் பறவை வரவில்லை. அந்த ஏரி அதிகாரிகளைக் கவனக்குறைவு என்று அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்.

மூன்று நாள் முன்பு மதகில் தானியங்கிக் கருவி பொருத்தினார்கள். பலகையைப் பார்க்காமல், உத்தரவிலுள்ள எண்ணுக்கு இனி அதுவே தண்ணீரைக் கொண்டுவந்து நிறுத்தும். இன்று போய்ப் பார்த்தால் பலகையில் நூற்றிருபத்து மூன்று. கருவிதான் கோளாறு என்று மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போனாள். மதகுச் சுவரில் செதுக்கிய மட்டக்குறியிலிருந்து மூன்று முறை பார்த்தாள். கோளாறு பலகையில். எட்டு சென்டிமீட்டர் கீழே இறக்கி மாட்டியிருந்தார்கள்.

"ஏழு வருஷமா நூத்தியிருபதுன்னு நினைச்சு நூத்திப்பன்னெண்டுலதாங்க நிறுத்தியிருக்கேன்."

குறிப்பேட்டில் அந்த வெள்ள வருடத்துப் பக்கத்தின் ஓரமாக, அவள் கையெழுத்திலேயே பென்சிலில் இருந்தது: 'மட்டக்குறி நீரில் மூழ்கியுள்ளது. வடிந்ததும் பலகையைச் சரிபார்க்கவும்.' வடிந்தது. யாரும் சரிபார்க்கவில்லை.

தையற்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ஒருதடவை என் டேப்புல முதல் இஞ்ச் அறுந்துபோச்சு, ஞாபகமிருக்கா? முன்னாடி எடுத்த அளவை அதுல வச்சு வெட்டினதுல, ஒரு வாரம் தைச்ச சட்டையெல்லாம் குட்டை. சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தர் மட்டும், 'இதுதாங்க எனக்குச் சரியா இருக்கு, இனிமே இப்படியே தைங்க'ன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த ஆளுதான் உன் பறவை. எட்டைக் குறைச்சு எழுதிட்டுப் போவியா!"

"காரணம் எழுதணுமே."

"ஏரி மேடாயிடுச்சுன்னு எழுது."

அதை அவளும் நினைக்காமல் இல்லை. எல்லா ஏரியும்தான் மேடாகிறது. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஓய்வுக்கு நாலு மாதம். கேடயமும் பேரும் அப்படியே இருக்கும். மற்ற மூன்று ஏரிகளும் அப்படியேதான் இருக்கும்.

மறுநாள் விடியும்போது கரையில் மதகுக்காரர் காத்திருந்தார். அவளோடு இருபது வருடம் ஏரியைப் பார்த்தவர்.

"மூணு நாளா ஒரு மாதிரியா இருக்குதும்மா. உக்காருதுங்க, எந்திரிக்குதுங்க. நாய் வந்திருக்கோன்னு சுத்திப் பார்த்தேன். ஒண்ணும் காணோம்."

வெளிச்சம் ஏறியது. அவள் எத்தனையோ காலை பார்த்த காட்சிதான். கரையோரம் எலுமிச்சம்பழ அளவே உடம்புள்ள குட்டைக் கால்கள், ஓர் அடுக்கு. உள்ளே கெண்டைக்கால் ஆழத்தில் அவற்றைவிட உயரமானவை. இன்னும் உள்ளே முழங்கால் ஆழத்தில் நெட்டைக் கால்கள். ஆழத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஓர் இனம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. வரைபடத்தில் அவள் பென்சிலால் இழுக்கிற கோடுகளை யாரோ உயிருள்ள புள்ளிகளால் இழுத்த மாதிரி.

இன்று அந்தக் கோடுகள் நகர்ந்திருந்தன.

ஓர் ஓர வரிசை மொத்தமாக எழும்பி, ஒரே உடம்பாகத் திரும்பி, வெள்ளி மின்னக் கரைப்பக்கம் தள்ளி இறங்கியது. அடுத்த வரிசை, அதற்கடுத்தது. அவள் தண்ணீரில் இறங்கித் தப்படி போட்டு எண்ணினாள். நூற்றைம்பது தப்படி. ஏறிய தண்ணீர் மூன்றே சென்டிமீட்டர். தட்டையான அந்தத் தரையில் அது அவ்வளவு தூரம் பரவிவிட்டது. கரையோரக் குட்டிகளுக்கு இனி நகர இடமில்லை. புல்லில் நின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கருவியின் கணக்குப்படி இன்னும் ஐந்து ஏறவேண்டியிருந்தது.

மலைகளையும் கடல்களையும் தாண்டி வந்தவை. அவள் அறிக்கையை ஒன்றும் படித்ததில்லை. அவள் தப்பாக எழுதிய எண்ணுக்கு அடியில் சரியான தண்ணீரைக் காலாலேயே கண்டுபிடித்து, ஏழு வருடம் வந்து நின்றிருக்கின்றன. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது கூடத் தெரியவில்லை.

"என்னம்மா, அப்படியே நின்னுட்டீங்க?"

"இதுங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க," என்றாள்.

மத்தியானக் கூட்டத்தில் நீளமேசையின் ஒரு கோடியில் தலைமைப் பொறியாளர், மறுகோடியில் மூன்று ஏரி அதிகாரிகள். அவள் குறிப்பேட்டை மேசையில் விரித்து, பென்சில் வரியில் விரலை வைத்துக்கொண்டு, பலகை தாழ்ந்தது முதல் காலையில் பார்த்ததுவரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மூவரில் மேற்கு ஏரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மூணு வருஷமா என்னைக் காய்ச்சி எடுத்தீங்களேம்மா! ராத்திரி டார்ச் அடிச்செல்லாம் பலகையைப் பார்த்தேன்."

"உங்க பலகை சரியாதான் இருந்துச்சு சார். அதான் கோளாறே. மன்னிச்சுக்குங்க."

"நல்லாயிருக்கு போங்க," என்றார் அவர். ஆனால் நாலு ஏரிக்கும் நூற்றுப்பன்னிரண்டு என்று தன் தாளில் அப்போதே எழுதிக்கொண்டுவிட்டார்.

தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அறிக்கையைத் திரும்ப வாங்கணும். விளக்கம் கேப்பாங்க. கேடயம்…"

"நாளைக்கே கொண்டுவந்து குடுத்துடறேன் சார். முதல்ல இதுல கையெழுத்து போடுங்க. சாயங்காலம் அடுத்த கூட்டம் இறங்கும். அதுக்குள்ள மதகைத் திறக்கணும்."

அவர் பேனாவைத் திறந்து, நூற்றிருபதை அடித்து, மேலே நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டார். தாளை நீட்டியும் பிடியை விடவில்லை.

"முப்பத்தொரு வருஷம். கடைசி நாலு மாசத்துல நீங்களே உங்க பேரை இப்படிக் கெடுத்துக்கிட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, வருத்தமா இல்லையா?"

அவள் தாளை மெல்ல இழுத்து வாங்கினாள். மறுகையால் மதகுக்காரரின் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள். மேற்கு ஏரிக்காரர் நாற்காலியை நகர்த்தி வழிவிட, மதகுக்காரர் எடுக்கட்டும் என்று காத்திருந்தபடியே அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.