கொஞ்சம் கொறைச்சு சொல்லு, மச்சான்

செம்மண்டலத்தில் தம்பி வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. அந்தோணிசாமி உபதேசியார் போய்விட்டார். எட்டு இட்லி தின்கிற ஆள் நான். அன்றைக்கு ஒன்றரையோடு எழுந்துவிட்டேன்.

எங்கள் பங்குக் கோயிலில் ஞான உபதேசம் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. ஆனால் அவரைத் தெரிந்தவர்களுக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும். நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் பக்கத்திலிருந்து, "கொஞ்சம் கொறைச்சு சொல்லு, மச்சான்" என்பார். எங்களுக்குள் உறவு கிடையாது. ஒரே வயது, ஒரே தெரு, அதனால் மச்சான். நான் எட்டாவது படித்தவன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை ஐந்தாவதாகக் குறைத்ததும் அவர்தான்.

அறுபதுகளில் என் அக்கா மகள் ரீத்தாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. தேவசகாயம், சிதம்பரத்தில் தையல் கடை. கண்டுபிடித்தது நான். அவன் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேல வீதியில் நடந்தால் கலெக்டர் என்று போலீஸ்காரர் சல்யூட் அடிப்பார். எனக்கே அடித்திருக்கிறார்.

கோயிலில் கல்யாணம் என்றால் பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியார் முன்னால் மந்திரங்களை ஒப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். தவக்காலம் பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன் மூன்றே ஞாயிறு பாக்கி. தவறினால் பாஸ்காவுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அப்புறம்தான். மாப்பிள்ளையின் அம்மா அதுவரை பொறுக்கிற ஆள் இல்லை. நெய்வேலியில் இன்னொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். ரீத்தாவோ, கட்டினால் அவனைத்தான் என்று உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தேவசகாயம் சாமியார் முன்னால் கைகட்டி நின்றான். விசுவாச மந்திரத்தில் முதல் வரி வந்தது. அப்புறம் வேர்வைதான் வந்தது.

"பாஸ்காவுக்கு அப்புறம் பாக்கலாம்" என்று சாமியார் எழுந்துவிட்டார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உபதேசியார் நடுவே வந்தார். "சாமி, போன வாரம் இவன் கடைக்குப் போயிருந்தேன். மிஷின் ஓட்டிக்கிட்டே அத்தினியும் சொன்னான், ஒரு எழுத்து தப்பல. காலு நின்னா இவனுக்கு வாயும் நின்னுடுது."

"மிஷினுக்கு எங்கய்யா போறது?"

"எங்கூட்டுல இருக்குது. நீங்க கேக்கப்போறது வாயைத்தானே சாமி? காலு ஆடுனா பாவமா?"

சாமியார் சிரித்துவிட்டார். "சும்மா ஓட்ட வேணாம். என் அங்கி ஓரம் பிரிஞ்சு கெடக்குது, அதையும் தைக்கட்டும்."

உபதேசியார் மனைவியின் மிஷினை நான் ஒற்றை ஆளாகத் தலையில் வைத்துக் கொண்டுவந்தேன். இந்த இடம் வரும்போதெல்லாம் அவர், "நாலு பேரு தூக்குனோம். நீ வழி காட்டிக்கிட்டு முன்னால வந்த" என்பார்.

தேவசகாயம் உட்கார்ந்தான், மிதித்தான். விசுவாச மந்திரமும் ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனையும் ரயில் மாதிரி வந்தன. அங்கி ஓரமும் மந்திரமும் ஒன்றாக முடிந்தன. மறுநாள் பூசையில் முதல் ஓலை. ரீத்தா முக்காட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டே சிரித்தாள்.

கல்யாணத்துக்கு ஐயாயிரம் பேர் என்பேன். "கோயிலே முந்நூறு பேருதான் கொள்ளும், மச்சான்." பாண்டிச்சேரியிலிருந்து மூன்று பேண்டு செட். "ஒண்ணு. அதுலயும் கிளாரினெட்காரன் வரல." சரி, இந்தக் கல்யாணத்தை நடத்தியதே நீதான் என்று ஒருநாள் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அதையாவது விடுவார் என்று நினைத்தேன். "அதையும் கொறைச்சுக்க. தைச்சது அவன். நான் மிஷினத்தான் குடுத்தேன்."

அடக்கத்துக்கு ரீத்தாவும் தேவசகாயமும் பேரப்பிள்ளைகளோடு சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். பெட்டியில் உபதேசியார் போட்டிருந்த வெள்ளைச் சட்டை தேவசகாயம் தைத்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் யாரோ, கூட்டம் எப்படி என்று கேட்டார். "பத்தாயிரம் பேர்" என்றேன். சொல்லிவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

அங்கே யாரும் இல்லை. "ஒரு இருநூறு பேர் இருக்கும்" என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்தத் திரும்பிப் பார்க்கிற பழக்கம்தான்.