குடல் தந்தி ஜெகதாம்பாள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெகதாம்பாள் கொல்லைப்புறத்தில் ஆட்டுக்குடலை முறுக்கிக்கொண்டிருப்பார். கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய குடல். சுரண்டி, அலசி, இழை இழையாகப் பிரித்து முறுக்கி, இரண்டு கொய்யா மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிவிடுவார். மீன்கூடையோடு வரும் ஆதியம்மாளுக்கு அதைப் பார்த்தால் மனசு ஆறாது.

“இன்னாக்கா, நல்ல கொடலப் போயி கொடியில கட்டிக்கினு கீற? மொளகு போட்டு வறுத்தா எம்மாம் ருசியா இருக்கும்!”

“இது வறுக்க இல்ல ஆதி, வாசிக்க.”

ஜெகதாம்பாளுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வரைபடப் பிரிவில் வேலை. வீடு சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்கு இரண்டு தெரு தள்ளி. கோட்டைக்குள் கல்லறையில் கிடக்கும் டச்சுக்காரர்கள் உயிரோடிருந்த காலத்தில் அவர்கள் ஊரில் வாசிக்கப்பட்ட இசைதான் ஜெகதாம்பாளுடையது. பரோக் என்பார்கள். செங்கல்பட்டில் படித்தபோது கன்னிகாஸ்திரீ ஒருவரிடம் வயலின் கற்றார். பல வருஷம் கழித்து, தொண்ணூற்றிரண்டில், யாரோ கொடுத்த ஒலிநாடாவில் அந்தப் பழைய இசையைப் பழைய மாதிரி வயலினிலேயே கேட்டார். “இவங்க வயலின்ல பேசறாங்க. நாம கத்திக்கிட்டிருந்திருக்கோம்” என்றார் கணவரிடம். அன்றிலிருந்து இரும்புத் தந்தியைத் தொடவில்லை. அந்த மாதிரி வயலின் இங்கே கிடைக்காது என்று தெரிந்ததும் தாமே செய்யத் தொடங்கிவிட்டார்.

கணவர் சுப்புராமன் குறைபட்டுக்கொள்வதில்லை. “சாப்பாட்டு மேசையில வயலின் படுத்திருக்கும். நாங்க ரெண்டு பேரும் தரையில உக்காந்து சாப்பிடுவோம், அவ்வளவுதான்” என்பார்.

ஜெகதாம்பாள் மோவாயால் அழுத்தாமல், வயலினைத் தோளெலும்பில் சும்மா சாய்த்து வைத்து வாசிப்பார். கடற்காற்றுக்குக் குடல் தந்தி நெகிழ்ந்துபோகும். சேர்த்த சுருதி காபி ஆறுவதற்குள் இறங்கிவிடும். சலித்துக்கொள்ள மாட்டார். வந்தவர்களோடு பேசிக்கொண்டே தந்தியை இறுக்கும் பிருடையைத் திருகுவார்.

செய்த வயலின்களை எளிதில் யாருக்கும் தருவதில்லை. செங்கல்பட்டுத் தபால் ஆபீசில் வேலை பார்க்கும் சாலமோனுக்கு ஒன்று தந்தார். கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவர், ஒரு மழைநாளில் வீடு தேடி வந்து, இவர் வாசித்ததைக் கேட்டுக் கண்கலங்கிப்போனவர். அவருக்கும் ஒரே நிபந்தனைதான்: குடல் தந்தி தவிர வேறு கட்டக்கூடாது.

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, சாலமோன் பெட்டியோடு வந்து வாசலிலேயே நின்றார். உட்காரவில்லை. ஜெகதாம்பாள் பெட்டியைத் திறந்தார். தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே மேல்பலகை ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. குதிரையின் உச்சியில் மெல்லிய வெட்டுக் கோடுகள். குடல் தந்தி அப்படி அறுக்காது.

“இரும்பா?”

“ஆமாக்கா. கிறிஸ்மஸ்லருந்து.”

ஜெகதாம்பாளுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோதும் சாலமோன் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“எதுக்கு சாலமோன்?”

“எங்கம்மா கடைசி பெஞ்சில உக்காரும்க்கா. காது மந்தம். குடல் தந்தி சத்தம் அங்க வரைக்கும் எட்டல. ‘நீ வாசிக்கிறியா, இல்ல சும்மா கைய ஆட்டிகினு கீறியா?’ன்னு கேட்டுச்சு. இன்னா சொல்றது நான்? இருக்குற ஒரு மைக்கும் கீபோர்டுக்காரன்கிட்ட கீது.”

ஜெகதாம்பாள் மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து மேல்பலகையின் ஓரத்தில் செருகினார். ‘பட்’டென்று சத்தம். சாலமோன் பதறிப்போனார்.

“ஒடஞ்சிடுச்சாக்கா?”

“ஒட்டுதான் விட்டுச்சு. மரம் உடையறதுக்கு முன்னால பசை விடணும்னுதான் வச்சிரம் போட்டு ஒட்டறது.”

பலகையைக் கழற்றிக் கவிழ்த்தார். உட்புறம் தாங்கி நிற்கும் மரச்சட்டம் வளைந்திருந்தது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அளவில் இழைத்த ஒல்லிச் சட்டம். இரும்பின் இழுப்பை அது எப்படித் தாங்கும்?

“பழையபடியே செஞ்சி குடுக்கா. இனிமே குடல்தான். சத்தியமா.”

“அப்போ அம்மாவுக்கு?”

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடி வந்தபோது, பலகை சமமாகியிருந்தது. உள்ளே புதுச் சட்டம். தடிமனும் நீளமும் கூட. இரும்புத் தந்திக்கான சட்டம். அப்படி ஒன்றை ஜெகதாம்பாள் அதற்குமுன் இழைத்ததே இல்லை. மேசையில் கடையில் வாங்கிய இரும்புத் தந்திப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

மேல்பலகையை மூடத்தான் பாக்கி. வயலினின் வயிற்றுக்குள், பின்பலகையில், சிறிய காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது: ஜெகதாம்பாள், சதுரங்கப்பட்டினம். ஈரக் காற்றில் அதன் மூலை ஒன்று பெயர்ந்து நின்றது. ஜெகதாம்பாளின் விரல் அந்த மூலைக்குப் போனது.

“ஒன் பேரக் கிழிச்சிடப் போறியாக்கா?” என்றார் சாலமோன்.

ஜெகதாம்பாள் வச்சிரக் கிண்ணத்தில் விரல் நுனியை நனைத்து, காகித மூலைக்கு அடியில் தடவினார். பிறகு கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார், காயும் வரை.