கோவில்பட்டி மோட்டார் அண்ணாச்சி

மாயகிருஷ்ணன் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர். கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவே, ஒரு ஆள் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற உயரத்தில் அவருடைய பட்டறை. முப்பத்திரண்டு வருஷமாக அதே இடம். கருகிப்போன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். அவர் பழைய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி உயிர் கொடுத்து அனுப்புவார். வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் இல்லை. மனைவி ரெங்கநாயகி இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

வீட்டில் அவர்கள் இருவரும் பேசியது தெலுங்கு. சுற்று வட்டாரத்தில் அந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கல்யாண வீட்டில், பருத்திக் கடையில், பஸ்ஸில் எங்கேயும் காதில் விழும். ஆனால் மத்தியானம் பட்டறைக்குச் சோற்று வாளியோடு வந்து, "தின்ட்டிவா?" என்று கேட்க ஆள் கிடையாது. சாப்பிட்டாயா என்கிற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு மூன்று வருஷமாகிவிட்டது. ரெங்கநாயகி இருந்த காலத்தில் அவர் கம்பி சுற்றுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணுவாள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு... ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் சூடேறிவிடும். அவள் எண்ணி அது தப்பியதில்லை. இப்போது அவரே எண்ணிக்கொள்கிறார்.

2023 டிசம்பரில் அந்தப் பெருமழை பெய்தது. வருஷத்துக்கு வருஷம் வானத்தைப் பார்த்து விதைத்துவிட்டுக் காத்துக்கிடக்கிற கரிசல் பூமியில், இரண்டு பகலும் இரண்டு இரவும் விடாமல் கொட்டியது. கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. பட்டறைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் கரண்ட் இல்லை, வேலையும் இல்லை. மூன்றாம் நாள் காலை டீக்கடைக்குப் போனபோது, கடைக்காரர் சங்கரபாண்டி குட்டியானை வண்டியில் ரொட்டிப் பாக்கெட்டும் போர்வையும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீய?"

"எப்போதும்வென்றானுக்குத் தெக்க, ஆவாரங்குளம். கண்மா ஒடைஞ்சு ஊரே முங்கிட்டாம். சும்மாதான இருக்கீரு, ஏறும்."

மாயகிருஷ்ணன் பட்டறைக்குப் போய் சாமான் பையை எடுத்துக்கொண்டு வந்து ஏறினார். அதை எதற்கு எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு போய் அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஆவாரங்குளத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. ஆனால் தெருவெல்லாம் முழங்கால் ஆழத்துக்குக் கரிசல் சகதி. ஒரு கால் எடுத்து வைத்தால் அடுத்த கால் வருவதற்குள் செருப்பு உள்ளே போய்விடும். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் வயலில் அழுகி, ஊருக்குள் ஒரு புளித்த வாடை. ரொட்டி கொடுத்தார்கள், போர்வை கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ரொட்டி வாங்கின பெண்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "குடிக்கத் தண்ணி கொண்டுவந்தீயளா?"

குடிதண்ணீர்க் கிணற்று மோட்டார் முங்கிப்போயிருந்தது. பஞ்சாயத்தில் மோட்டார் போட்டுவிடுகிறவர் சிவனாண்டி. நாற்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள். வெள்ளத்தில் அவர் வீட்டுச் சுவர் விழுந்து, கட்டிக்கிடந்த ஆடு எட்டும் போயிருந்தது. மோட்டார் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தண்ணி பூந்து தானா கருகிட்டு அண்ணாச்சி."

மாயகிருஷ்ணன் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். தண்ணீரில் முங்கின மோட்டார் தானாகக் கருகாது. ஈரம் காயுமுன்னே யாரோ ஜெனரேட்டரைக் கொண்டுவந்து ஓடவிட்டிருக்கிறார்கள். சிவனாண்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாயகிருஷ்ணனும் ஒன்றும் கேட்கவில்லை.

"கம்பி சுத்தணும். நாலஞ்சு நாளாவும்," என்றார்.

சாயங்காலம் குட்டியானை கிளம்பியபோது அவர் ஏறவில்லை. "வீட்ல தேட மாட்டாவளா?" என்று யாரோ கேட்டதற்கு, சங்கரபாண்டியே முந்திக்கொண்டு, "அவருக்கு யாரு இருக்கா? இருக்கட்டும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் வண்டி கண்மாய்க் கரை திரும்பி மறைகிறவரை மாயகிருஷ்ணன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டார்கள். தாழ்வாரத்தில் சாக்கை விரித்து மோட்டாரைப் பிரித்துப் போட்டார். கம்பி போதாமல் மறுநாள் கோவில்பட்டிக்குப் போய் எடுத்துவந்தார். ரோடு அரித்துக்கொண்டு போயிருந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. அங்கிருந்து கம்பிச் சுருளைத் தோளில் போட்டு நடந்தே வந்தார்.

சாப்பாடு வள்ளிமயில் வீட்டிலிருந்து வந்தது. வள்ளிமயில் தனியாக இருக்கிற பெண். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மூன்று கல்லைக் கூட்டி வைத்து, நிவாரணத்தில் வந்த அரிசியில் அவள் பொங்கிக் கொண்டுவருவாள். வைத்துவிட்டு உடனே போகமாட்டாள். சுவரில் சாய்ந்து நின்று அவர் கையையே பார்ப்பாள்.

"என்னமோ முணுமுணுக்கீயளே அண்ணாச்சி, மந்திரமா?"

அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "சுத்து எண்ணுதேன். எங்க பாசை. வீட்டுக்காரி எண்ணுவா, நான் சுத்துவேன். அவ போயிட்டா."

வள்ளிமயில் அவர் சுற்றி வைத்திருந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு, "அப்பம் அந்தப் பேச்ச இனி யார்ட்டப் பேசுவீய?" என்று கேட்டாள்.

எத்தனையோ பேர் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள். எப்படி இறந்தாள், எந்த ஆஸ்பத்திரி, என்ன வயது என்று கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. சுற்றியதை முழுக்கப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினார்.

கிறிஸ்துமஸ் அன்று காலை வேலை முடிந்தது. கரி அடுப்பு மூட்டிக் கம்பியை வாட்டிக் காயவைத்து, நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில் மோட்டாரை இருத்தினார்கள். ஊருக்குக் கரண்ட் முந்தின நாள்தான் வந்திருந்தது. சிவனாண்டி சுவிட்சில் கை வைக்கப் பயந்து, "நீங்களே போடுங்க அண்ணாச்சி" என்றார். மாயகிருஷ்ணன் போட்டார். மோட்டார் உறுமி, திணறி, பிறகு ஒரே சீராக ஓடியது. கால்மணி நேரத்தில் தெருக்குழாயில் கலங்கலாக வந்து, அப்புறம் தெளிந்தது.

ஊரே குடத்தோடு ஓடியது. சத்தமும் சிரிப்பும் சண்டையுமாக ஒரே அமளி. "ஏட்டி, ஒங்கொடத்த எடுட்டி", "ஏலே, தள்ளி நில்லுலே" என்று குரல்கள். கிணற்றடியில் மோட்டார் சத்தத்தோடு மாயகிருஷ்ணன் மட்டும் நின்றார். அவர் வெகுநேரம் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஏறவில்லை.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியபோது புதியம்புத்தூரிலிருந்து ஒரு சர்ச் ஆட்கள் வேனில் வந்திருந்தார்கள். கேக்கும், பாயும் வாளியும் போட்ட பையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு இளைஞர், பெயர் ரூபஸ் என்று அட்டையில் இருந்தது, தாழ்வாரத்தில் சேறு படிந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்த மாயகிருஷ்ணனிடம் வந்து ஒரு பையைக் கையில் வைத்தார்.

"கவலப்படாதீங்க ஐயா. போனது எல்லாம் திரும்பக் கெடைக்கும்."

நான் இந்த ஊர் இல்லை என்று சொல்லத்தான் மாயகிருஷ்ணன் நினைத்தார். ஆனால் அந்தப் பையன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். யாரும் அவர் கையைப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது. "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார். கேக்கைத் தின்றார். பையைச் சாயங்காலம் சிவனாண்டியிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை எழுந்து பார்த்தால் தாழ்வாரத்தில் வரிசை. மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன், ஸ்பிரேயர் எல்லாம் சேறு அப்பிக்கொண்டு நின்றன. முதல் கிரைண்டர் வள்ளிமயிலுடையது. கழுவி, காயவைத்து, பேரிங் மாற்றி, கம்பி சுற்றி ஒவ்வொன்றாக ஓடவைத்தார். யாரிடமும் கூலி வாங்கவில்லை. ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. "கோவில்பட்டி மோட்டார் அண்ணாச்சி" என்றார்கள். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை யாராவது வந்து பேசினார்கள். எல்லாப் பேச்சும் ஒன்றுதான்: இது ஓடுமா அண்ணாச்சி, எப்போ கிடைக்கும் அண்ணாச்சி. ஓடின மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நல்லாயிருப்பீங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவருக்கு அதுவே போதுமென்று இருந்தது. வரிசை குறையக் குறைய அவர் கையும் மெதுவாயிற்று. ஒரு ஃபேனை அரைநாளில் முடிக்கலாம் என்றால் ஒருநாள் வைத்துக்கொண்டார்.

புதுவருஷத்தன்று ஒருவரும் வரவில்லை. தலைமையாசிரியர் வந்தார். நல்ல மனுஷர். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தாழ்வாரத்தையே சுற்றிப் பார்த்தார்.

"நாளைக்கிப் பள்ளிக்கூடம் தொறக்கணும் அண்ணாச்சி. கிளாஸ் ரூம கழுவிவிடணும்."

"ஆமா, ஆமா. நானும் இன்னைக்கிக் கெளம்பலாம்னுதான் இருந்தேன்."

அப்படி ஒரு எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. சாமான்களைப் பையில் போட கால்மணி நேரம்கூட ஆகவில்லை. வகுப்பறையை அவரே கூட்டிக் கழுவிவிட்டார். பஸ் ஏற சிவனாண்டி கூட வந்தார். கண்மாய்க் கரை வரைக்கும் சாமான் பையைச் சுமந்து வந்தவர், பஸ் சத்தம் கேட்டதும் சட்டென்று சொன்னார்.

"அண்ணாச்சி, மோட்டாரு தானா கருகல. தண்ணி தண்ணின்னு எல்லாரும் சத்தம் போட்டாவ. நாந்தான் ஈரத்தோட போட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்பம்?"

"மொத நாளே."

சிவனாண்டி அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். "ஊர்ல ஒருத்தர்ட்டயும் சொல்லலியே நீங்க."

"எனக்கு ஊர்ல யாரைத் தெரியும், சொல்ல?" என்றார் மாயகிருஷ்ணன். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தார். வேறு மாதிரி வந்துவிட்டது.

சித்திரையில் சிவனாண்டி கோவில்பட்டிக்கு வந்து ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு நோட்டீஸ் கொடுத்தார். "அம்மன் கொடை. கட்டாயம் வரணும்." மாயகிருஷ்ணன் வெள்ளை வேட்டி சட்டை எடுத்து இஸ்திரிப் பெட்டி போட்டு வைத்தார். சாமான் பை இல்லாமல் பஸ் ஏறியது அன்றுதான்.

ஆவாரங்குளம் அடையாளமே மாறியிருந்தது. தெரு காய்ந்து வெடித்திருந்தது. பந்தல், மேளம், ரேடியோ செட், எங்கெங்கோ பிழைக்கப் போனவர்கள் திரும்பி வந்த கூட்டம். பந்தல் வாசலில் பெரிய பேனர், வெள்ளத்தில் உதவியவர்களுக்கு நன்றி என்று போட்டு. அரிசி கொடுத்தவர்கள், போர்வை கொடுத்தவர்கள் என்று வரிசையாகப் பெயர்கள். சங்கரபாண்டி பெயர்கூட இருந்தது. மாயகிருஷ்ணன் மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். சிவனாண்டி ஓடிவந்து, "பேனர் அடிக்கக் குடுத்தது வேற ஆளு அண்ணாச்சி... ஒங்க பேரு யாருக்கும்..." என்று திணறினார்.

"அதுக்கென்ன. மோட்டாரு எப்படி ஓடுது?"

சிவனாண்டி இன்னும் குறுகிப்போனார். மாசியில் புது மோட்டார் வந்துவிட்டதாம். மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்தால் பழையது மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. மாயகிருஷ்ணன் சாக்கை விலக்கி மோட்டாரின் சுழல்தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். லேசாகச் சுற்றியது. "நல்லாத்தான் இருக்கு. புதுசு பழுதானா இதப் போட்டுக்கிடுங்க" என்றார்.

வள்ளிமயில் வீடு பூட்டியிருந்தது. மகன் வந்து திருப்பூருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றார் சிவனாண்டி. கிரைண்டரையும் எடுத்துக்கொண்டு போனாளாம்.

பந்தியில் யாரோ, "நீங்க எந்த ஊரு, யாரு வீட்டுக்கு வந்திருக்கீய?" என்று கேட்டார்கள். சிவனாண்டி முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக்கு" என்றார். இலையில் சாம்பாரை அவரே கொண்டுவந்து ஊற்றினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வேண்டாம் வேண்டாமென்றும் கேட்காமல் ஊற்றினார்.

நாலு மணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் அவருடைய சலவை வேட்டியையும் நெற்றிக் குங்குமத்தையும் பார்த்துவிட்டு, "கொடைக்கா?" என்றார்.

"ஆமா."

"சொந்தக்காரங்களா?"

மாயகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினார். கரிசல் காடு உழுது போட்டு மழைக்குக் காத்துக்கிடந்தது. கண்ணுக்கு எட்டினவரை ஒரு ஆளில்லை.

"ஆமா, தூரத்துச் சொந்தம்" என்றார்.

அந்த ஆள் தலையாட்டிவிட்டு, முன்சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனார்.