பதினேழாம் நம்பர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காவலுக்கு இருந்தேன். ஒரு பெருமழையில் மலை சரிந்து போன் கம்பங்கள் விழுந்தன. கம்பிகளை அவசரமாக இழுத்துக் கட்டிய பிறகு கடையைத் தேடி ஓர் அழைப்பும் வரவில்லை. முதலாளி கிளம்பிய பின், சாயங்காலம் மட்டும் மணி அடிக்கும். எடுத்தால் ஒரு குரல் "அக்கா, அக்கா" என்று கூப்பிடும். கூச்சத்தில் பேசாமல் வைத்துவிடுவேன்.

ஒரு வாரம் கழித்து லைன்மேன் வந்தார். ஒல்லியானவர், முட்டி வரை சேறு.

"எந்தப் போனுக்கும் தன் நம்பர் தெரியாதுண்ணே, எக்ஸ்சேஞ்சைத்தான் கேக்கணும்" என்று சிரித்தபடி கைப்பிடியைச் சுற்றினார். "இப்ப நான் எந்த நம்பர்ல இருக்கேன்?"

"பதினேழு" என்று எக்ஸ்சேஞ்சிலிருந்து பெண்குரல் சொன்னது எனக்கும் கேட்டது.

அவர் சிரிப்பு நின்றது. "சாயங்காலம் எடுத்தது நீங்களாண்ணே?"

"ஆமா தம்பி. எனக்குப் போன்ல பேச வராது."

"பதினேழு எங்க அக்கா வீட்டு நம்பர், கம்பி மாறி இங்க வந்திருக்கு. வீடு மண்ணுக்குள்ள போயிருச்சு. யாரோ எடுக்குறாங்களேன்னு இன்னைக்கு வரைக்கும் தோண்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

கம்பியை மாற்றிக் கட்டி, எங்கள் நம்பரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு போனார். அன்று சாயங்காலம் மணி அடிக்கவில்லை. நான் போன் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

எழுதியது: 1979, ஆடி மூன்றாம் தேதி.