பழைய டோக்கனை நீக்கிய காலை

குன்னத்துகாலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பெருங்கடவிளையில் தங்கைக்கு நிச்சயதார்த்தம் நடந்த நாளன்று, கிளம்புவதற்குமுன் நிறுவனத்தின் மென்பொருள்கள் ஓடும் சர்வர் தொகுப்பான கன்டெய்னர் கிளஸ்டரில் ஒரு வேலையை முடிக்க நினைத்தேன். உள்ளே நுழைய ரகசியச் சாவிபோல இருந்த டோக்கனை இனி யாரும் வைத்திருக்கக் கூடாது. நிறுவனக் கணக்கில் ஒருவருக்குக் கொடுத்துள்ள பொறுப்பை, அதாவது ரோலைப் பார்த்தே கிளஸ்டர் அவரை உள்ளே விட வேண்டும்.

புதிய வழியில் நுழைந்து பார்த்த பிறகே பழைய டோக்கனை நீக்குவது வழக்கம். அவசரத்தில் முதலிலேயே நீக்கிவிட்டேன். என் ரோலுக்கு அனுமதி எதையும் இணைக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதைச் சரிசெய்ய உள்ளே போக வேண்டும். உள்ளே போக அனுமதி வேண்டும்.

கிளஸ்டரை உருவாக்கிய சக ஊழியருக்கு மட்டும் உள்ளே போக வழி இருந்தது. ஆரியங்கோட்டில் இருந்த அவருக்குப் போன் செய்தேன்.

"எலே மக்கா, உன்னையே வெளிய தள்ளி அடச்சிட்டியா? கொள்ளாம், நல்ல வேலதான்! நான் ரப்பர் தோட்டத்துல நிக்கேன். வீட்டுக்குப் போய் லேப்டாப்ப எடுத்துட்டு விளிக்கேன்."

கிளஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஏதாவது நின்றால் கவனிக்க வேண்டியவன் நான்தான். எழ முடியவில்லை.

பட்டுச்சேலையுடன் தங்கை வந்தாள். "மாப்பிள வீட்டுக்காரங்க பெருங்கடவிளைக்கு வந்தாச்சாம் அண்ணா."

"நீங்க முன்னால போங்க."

"நீ இல்லாம நான் போமாட்டேன் ஆக்கும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே எங்களுக்காகக் காத்திருந்த கார் ஹாரன் அடித்தது. இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.